சைக்கிளில் ஜிபிஎஸ்: கருவி சொல்வதும் கண் பார்ப்பதும்



பள்ளி விடுமுறை வந்தாலே "அண்ணே, ஈஸ்ட் கோஸ்ட் வரைக்கும் சைக்கிள்ல போலாமா?" என்ற பேச்சு கிளம்பிவிடும். நல்ல பேச்சுதான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து போகும்போது, அதில் பன்னிரண்டு வயசுப் பிள்ளையும் இருக்கும்போது, வழியை யாராவது ஒருவர் பொறுப்பாகப் பார்க்க வேண்டும். "வழிதான் போன்லயே இருக்கே!" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று தெரிந்தால்தான் அதை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப்போகிறோம். சாரம் இதுதான்: நாம் இருக்கும் இடத்தைக் கருவி சொல்லும், அடுத்த பத்து மீட்டரை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஃபேரர் பார்க்கில் இறங்கிய விமானம்

ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது தெரியுமா? நம் ஃபேரர் பார்க் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். 1919 டிசம்பரில் அந்தத் திடலில் ஒரு விமானம் இறங்கியது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த விக்கர்ஸ் விமி விமானம் அது. திடல் சின்னது, விமானம் ஓடி நிற்க இடம் போதாது. அதனால் பென்னெட் என்ற சார்ஜன்ட், இறங்கும் நேரத்தில் விமானத்தின் முதுகு மேலேயே ஊர்ந்து வால் பக்கம் போய், தன் உடல் எடையால் வாலைக் கீழே அழுத்தினார்.

அவர்களிடம் ஜிபிஎஸ் கிடையாது. காகித வரைபடமும் திசைகாட்டியும்தான். நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தம்பி ராஸ் ஸ்மித் விமானத்தை ஓட்டினார். அண்ணன் கீத் ஸ்மித் வழி பார்த்தார். ஓட்டுவது ஒரு வேலை, வழி பார்ப்பது இன்னொரு வேலை. நவம்பர் 12ஆம் தேதி லண்டனுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள் டிசம்பர் 10ஆம் தேதி டார்வினில் பத்திரமாக இறங்கினார்கள்.

சைக்கிளில் போகும்போது இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளின் தலையில் விழுகிறது. அதனால்தான் இந்தப் பாடம் தேவைப்படுகிறது. இதை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்வோம்: புள்ளி, கோடு, கண்.

புள்ளி: செயற்கைக்கோள் சொல்வது

துருவன் கதை எல்லோருக்கும் தெரியும். அசையாமல் நிற்கும் அந்தத் துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று பார்த்துத்தான் அந்தக் காலத்து மாலுமிகள் தாங்கள் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று கணித்தார்கள். சிங்கப்பூரில் இது எடுபடாது. நாம் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 1.3 பாகை வடக்கே இருப்பதால், துருவ நட்சத்திரமும் கீழ்வானத்திலிருந்து 1.3 பாகை உயரத்தில்தான் நிற்கும். மேகமும் கட்டடமும் அதை மறைத்துவிடும்.

ஜிபிஎஸ் என்பது மனிதன் செய்து மேலே வைத்த நட்சத்திரக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியிலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் சுற்ற வேண்டும் என்பது அதன் அமைப்பு. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி கீழே வந்துசேர ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்தத் தாமதத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று தூரம் போதுமே, ஏன் நாலு செயற்கைக்கோள் வேண்டும்? உங்கள் கையில் இருக்கும் கருவியில் அணுக் கடிகாரம் இல்லை, மலிவான கடிகாரம்தான். அது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே தூரம் 300 மீட்டர் தப்பிவிடும். அந்தத் தவறைச் சரிசெய்யத்தான் நாலாவது.

இன்னொரு வியப்பும் உண்டு. மேலே இருக்கும் கடிகாரம் பூமியில் இருப்பதைவிட ஒரு நாளைக்கு வினாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை சொல்வது இது. இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தப்பு வரும்.

1983 செப்டம்பரில் தென்கொரியப் பயணி விமானம் ஒன்று பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவத்துக்காக உருவான ஜிபிஎஸ்ஸைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. ஆனால் பொதுமக்களுக்கான சேதியில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். சுமார் 100 மீட்டர் தப்பும். 2000 மே மாதம் அதை நிறுத்தினார்கள். சைக்கிளுக்கு ஜிபிஎஸ் உண்மையில் பயன்பட ஆரம்பித்தது அதன் பிறகுதான். இந்தியாவும் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களில் முதலாவதை அனுப்பியது. அந்த அமைப்புக்கு இப்போது 'நாவிக்' என்று பெயர்.

சரி, நம்ம ஊர்ல எவ்வளவு துல்லியம்? திறந்த வெளியில் நல்ல போனோ கருவியோ ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். ஐந்தடிப் பாதைக்குள் போனால், வீவக புளோக்குகளுக்கு நடுவில் போனால், கதை வேறு. செயற்கைக்கோளின் சேதி கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் வந்து சேரும். கருவி அதை நேராக வந்ததென்று நம்பிவிடும். சிராங்கூன் ரோடும் ரேஸ் கோர்ஸ் ரோடும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, நடுவில் சந்துகள். 20, 30 மீட்டர் தப்பினால் உங்கள் புள்ளி பக்கத்துச் சந்தில் போய் நிற்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. பொழுது சாய்ந்த சில மணி நேரத்துக்கு வான்வெளியின் மேலடுக்கு கலங்கி, சில இரவுகளில் சேதி தடுமாறும்.

இதிலிருந்து மூன்று பழக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கிளம்புவதற்கு முன் திறந்த வெளியில் இரண்டு நிமிடம் கருவியை அசையாமல் வையுங்கள். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்கவே 30 வினாடி ஆகும். போன் அதை இணையத்திலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். இணையத் தொடர்பு இல்லாத கருவி வானத்திலிருந்துதான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சந்திப்பில் நின்றுகொண்டு அம்புக்குறியை நம்பாதீர்கள். பல கருவிகள் நீங்கள் நகர்வதை வைத்துத்தான் திசையை அறிகின்றன. நின்றால் அம்பு சுற்றும். சைக்கிளைப் பத்து மீட்டர் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, புள்ளி துள்ளுகிறதென்றால் திரையை மறந்துவிட்டுச் சாலைப் பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

கோடு: வரைபடம் சொல்வது

செயற்கைக்கோளுக்குச் சாலை தெரியாது. அது புள்ளியைத்தான் கொடுக்கும். அந்தப் புள்ளியிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட்டுக்குக் கோடு போடுவது கருவிக்குள் இருக்கும் வரைபடம். ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

ஃபேரர் பார்க்கைச் சுற்றி மத்திய விரைவுச்சாலையும் தீவு விரைவுச்சாலையும் ஓடுகின்றன. கார் ஓட்டுகிறவருக்கான வழியைக் கேட்டால் கருவி சந்தோஷமாக விரைவுச்சாலையைக் காட்டும். சைக்கிள் விரைவுச்சாலையில் ஏறக்கூடாது. சட்டமும் தடுக்கிறது, உயிருக்கும் ஆபத்து. ஏறுபாதையில் பத்து மீட்டர் போய்விட்டால் திரும்பவும் முடியாது. ஆகவே கிளம்புவதற்கு முன் முதல் சோதனை: கருவி கார் முறையில் இருக்கிறதா, சைக்கிள் முறையில் இருக்கிறதா? நடைமுறையில் வைத்தாலும் சிக்கல் வரலாம். தேக்கா வட்டாரத்தில் ஒருவழிச் சாலைகள் பல. நடந்து போகிறவருக்கு அது பொருட்டில்லை. சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் பொருட்டு.

அடுத்து, மூன்று சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 'வேபாயிண்ட்' என்பது ஒரு தனி இடம்: எம்ஆர்டி நிலையம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை. 'ரூட்' என்பது சில இடங்களின் வரிசை. நடுவில் எப்படிப் போவது என்று கருவியே முடிவு செய்யும். 'டிராக்' என்பது நூல் பிடித்த மாதிரி நெருக்கமான புள்ளிகளால் ஆன கோடு. கருவி அதில் சொந்தப் புத்தியைக் காட்டாது. இந்த மூன்றையும் ஜிபிஎக்ஸ் என்ற கோப்பில் சேமித்து ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம்.

குழுவாகப் போகும்போது டிராக்தான் நல்லது. முதல் நாள் இரவே கணினியில் உட்கார்ந்து, சைக்கிள் பாதைகள் தெரியும் வரைபடத்தில் கோட்டை நீங்களே வரையுங்கள். சிங்கப்பூர் நில ஆணையத்தின் 'ஒன்மேப்' இருக்கிறது. பலரும் சேர்ந்து உருவாக்கும் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' இருக்கிறது. நம் தீவில் பூங்கா இணைப்புகள் மட்டுமே 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. பிஷான் பக்கமிருந்து காலாங் ஆற்றை ஒட்டிக் கடலை நோக்கி வரும் இணைப்பு நமக்கு அருகிலேயே இருக்கிறது. காலாங் ரிவர்சைடு பூங்காவைப் பிடித்துவிட்டால், அங்கிருந்து டான்ஜோங் ரூ பக்கமாகக் கடற்கரையை நோக்கிப் போகலாம். ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ் பூங்காக்களை இணைக்கும் வட்டம் மட்டும் 42 கிலோமீட்டர். முதல் பயணத்துக்கு அது வேண்டாம். போகவர 20 கிலோமீட்டர் போதும்.

கோடு வரைந்தபின் அதன்மேல் விரல் வைத்து ஒவ்வொரு சாலைக் கடப்பையும் எண்ணுங்கள். சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் கடப்பு குறைவான வழியே நல்ல வழி. 'மிகக் குறுகிய வழி' என்று கருவி சொல்வது தூரக் கணக்கு. யார் கூட வருகிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

கண்: சாலை சொல்வது

வரைபடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது நேற்றைய சாலை. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் காவடி போகும். போகும் வழியில் சாலைத் தடங்களை மூடியிருப்பார்கள். இணையத் தொடர்பில்லாத கருவிக்கு அன்று தைப்பூசம் என்பதே தெரியாது. "நேராகப் போ" என்றுதான் சொல்லும். கட்டுமான வேலைக்குத் தகரத் தடுப்பு வைத்திருந்தாலும் அதே கதைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திரையை இரண்டு வினாடி பார்ப்பதற்குள் சைக்கிள் 11 மீட்டர் போய்விடும். அந்த 11 மீட்டரில் ஒரு பாட்டி நடைபாதையிலிருந்து இறங்கலாம். நிறுத்தியிருக்கும் வேனின் கதவு திறக்கலாம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். ஹேண்டில்பாரில் தாங்கி வைத்துப் பொருத்த வேண்டும். பொருத்திய பிறகும் கண் சாலையில்தான். திருப்பத்துக்கு 50 மீட்டர் முன்னாலேயே ஒலி எழுப்பும்படி வைத்துக்கொண்டால் ஒன்பது வினாடி அவகாசம் கிடைக்கும். காது கேட்கட்டும், கண் பார்க்கட்டும். காதில் இயர்போன் மட்டும் வேண்டாம்.

திரையில் ஒரே ஓர் எண் பெரிதாகத் தெரிந்தால் போதும்: வேகம். சைக்கிள் ஓட்ட அனுமதியுள்ள நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்பிலும் 25 கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு. 10 எவ்வளவு மெதுவானது என்று கருவியைப் பார்த்தால்தான் தெரியும். பலர் மெதுவாகப் போவதாக நினைத்துக்கொண்டே 15இல் போவார்கள்.

போனா, தனிக் கருவியா?

"போன் இருக்கும்போது தனியா எதுக்குக் காசு?" நியாயமான கேள்வி. மாதம் ஒரு தடவை ஈஸ்ட் கோஸ்ட் போகிறவருக்குப் போன் போதும். ஆனால் திரையை எரியவிட்டு வெயிலில் மூன்று மணி நேரம் ஓட்டினால் போன் சூடாகும், பேட்டரி இறங்கும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதும் அதே போன்தான். அதனால் வழிக்குப் போனைப் பயன்படுத்துகிறவர் பவர்பேங்க் வைத்திருக்க வேண்டும், அல்லது குழுவில் இன்னொருவர் போனை அணைக்காமல், பயன்படுத்தாமல், முழுச் சார்ஜில் பையில் வைத்திருக்க வேண்டும்.

கையடக்கக் கருவியில் திரை சிறியது, வெயிலில் நன்றாகத் தெரியும், மழையைத் தாங்கும். கார்மின் ஈட்ரெக்ஸ் போன்ற மாடல்களில் சாதாரண 'டபுள் ஏ' பேட்டரி இரண்டு போட்டால் ஒரு முழுப் பகல் ஓடும். தீர்ந்தால் வழியிலிருக்கும் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். மலேசியா பக்கம் நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இது கை கொடுக்கும். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

குழுவாகப் போகும்போது

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் சாலையைப் பார்ப்பார். இரண்டாவதாக வருகிறவரிடம் கருவி இருக்கட்டும்; "அடுத்த லைட்டுல இடது பக்கம்" என்று அவர் குரல் கொடுப்பார். கடைசியில் வருகிறவரிடமும் அதே டிராக் இருக்க வேண்டும். யாருக்காவது பஞ்சர் ஆகிப் பின்தங்கினால் அவருடன் நிற்கப்போவது கடைசி ஆள்தானே.

சாலையில் போவதென்றால் ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒற்றை வரிசையில் ஐந்து பேர். இருவர் இருவராகப் போக அனுமதியுள்ள இடத்தில் பத்துப் பேர். ஆள் அதிகமானால் இரண்டு குழுவாகப் பிரித்து, நடுவில் 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி, விட்டுப் போங்கள். சாலையில் தலைக்கவசம் கட்டாயம். பாதையிலும் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

வழி தவறிவிட்டால்? யாரும் திரையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே வழி தேட வேண்டாம். ஓரமாக நிறுத்துங்கள், எண்ணிக்கை பாருங்கள், பிறகு கருவியைப் பாருங்கள். யாருக்காவது அடிபட்டு 995ஐ அழைத்தால், "இங்கதான், ஆத்துப் பக்கம்" என்பது உதவாது. பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண், புளோக் எண், சாலைப் பெயரோடு விளக்குக் கம்பத்தின் எண், இவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் கருவியின் ஆயத்தொலை எண்களைப் படியுங்கள். ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையம் ஏறக்குறைய 1.312, 103.854. புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் என்றால் நூறு மீட்டர் அளவுக்குச் சரி. நாலு இலக்கம் என்றால் 11 மீட்டர். ஆகவே உதவி கேட்கும்போது நாலு இலக்கம் சொல்ல வேண்டும்.

உங்கள் கோட்டை யார் பார்க்கிறார்கள்?

பயணம் முடிந்ததும் பதிவை இணையத்தில் போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. 'ஸ்ட்ராவா' நிறுவனம் 2017இல் உலகம் முழுக்கப் பயனர்கள் ஓடிய வழிகளை ஒரே வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலியக் கல்லூரி மாணவர் அதைக் கூர்ந்து பார்த்து, வெளியே தெரியக்கூடாத ராணுவ முகாம்கள் அதில் பளிச்சென்று தெரிவதைச் சுட்டிக்காட்டினார். வீரர்கள் உடற்பயிற்சிக்கு ஓடிய கோடுகள்தான் காட்டிக்கொடுத்தன.

தேசிய சேவையில் இருக்கும் தம்பிகள் இதை மனசில் வைக்க வேண்டும். மற்றவர்களுக்கும் இது பொருந்தும்: தினமும் ஒரே புளோக்கின் கீழே தொடங்கி அங்கேயே முடியும் கோடு, உங்கள் வீடு எது, எத்தனை மணிக்கு நீங்கள் வீட்டில் இல்லை என்பதை முன்பின் தெரியாதவருக்குச் சொல்கிறது. தங்கைகள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி செயலியில் உண்டு; அதைப் போட்டுவிட்டுப் பகிருங்கள். குழுவில் வந்த சின்னப் பிள்ளைகளின் பெயரைப் பதிவில் சேர்க்க வேண்டாம்.

செய்து பார்க்க

1. திறந்த திடலில் பத்து நிமிடம், புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம், கருவியை அசையாமல் வைத்து நிமிடத்துக்கொரு முறை எண்களைக் குறியுங்கள். எங்கே அதிகம் துள்ளுகிறது? எத்தனை மீட்டர்?

2. ஃபேரர் பார்க்கிலிருந்து காலாங் ரிவர்சைடு பூங்காவுக்குக் கார் முறை, நடை முறை, சைக்கிள் முறை மூன்றிலும் வழி கேளுங்கள். மூன்றும் எங்கே பிரிகின்றன? ஒன்பது வயசுத் தம்பியோடு போவதென்றால் எதை எடுப்பீர்கள், ஏன்?

3. தெரிந்த வழியில் ஒரு தடவை கருவியை அணைத்துவிட்டுப் பலகைகளையும் அடையாளங்களையும் மட்டும் பார்த்துப் போய்வாருங்கள். எங்கெல்லாம் கை தானாகப் போனைத் தேடியது என்று எழுதிவையுங்கள்.

4. கலந்து பேச: வழி தெரிந்தவர், நன்றாக ஓட்டுகிறவர், பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்கிறவர். இந்த மூவரில் யாரைக் குழுவின் முன்னால் விடுவீர்கள்?